ஊறல் தொட்டிக் கசடு

திருவனந்தபுரம்,
செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள அப்பாவுக்கு, செண்பகா வணக்கத்தோட எழுதுறது. உங்க இருமல் குறைஞ்சுதா? அம்மாவுக்கு முட்டுவலி எப்படி இருக்கு? போன்ல சொன்னா மில் சத்தத்துல உங்களுக்குப் பாதி கேக்காது, அதான் எழுதுறேன்.

அப்பா, என் ஆராய்ச்சியில ஹைட்ரஜன் வந்துட்டு! உங்க மில்லுல நெல் ஊறப்போட்ட தண்ணியிலருந்து, நீங்க குடுத்துவிட்ட தொட்டிக் கசடுல உள்ள பாக்டீரியா உண்டாக்கினது. ஏழு மாசமா ஒண்ணுமே வரல. ஒரு கூட்டம் ஹைட்ரஜனை உண்டாக்கும், இன்னொரு கூட்டம் அதைத் தின்னுரும். தின்னுறதைக் கொல்லத்தான் கசடைக் கொஞ்ச நேரம் சூடாக்குவோம். போன வாரம் அம்மாகிட்ட போன்ல பேசிக்கிட்டே ஹீட்டரை மறந்துட்டேன். ஒன்றரை மணி நேரம் கொதிச்சிட்டு! எல்லாம் செத்துருக்கும்னு நினைச்சேன். நமக்கு வேண்டியது மட்டும் தன்னைச் சுத்தி ஓடு கட்டிக்கிட்டுப் பிழைச்சிருக்கு!

நேத்து கேஸ் முட்டி ரப்பர் மூடி தெறிச்சு என் கண்ணாடியில பட்டுது. கண்ணுக்கு ஒண்ணுமில்ல, கண்ணாடியிலதான் கீறல். கூட வேலை பாக்கிற நீது, "எந்தொரு நாற்றம்!"னு வெளிய ஓடிட்டா. நான் அங்கயே நின்னேன். சாயங்காலம் நீங்க வீட்டுக்கு வரும்போது சட்டையில அடிக்குமே, அதே ஊறல் தண்ணி வாடை.

இன்னொரு கேன் கசடு வேணும். தொட்டியைக் கழுவ விட்டுராதீங்க. பார்சல்ல போட்டா வாடைக்கு பஸ்காரங்க பாதி வழியில இறக்கிருவாங்க, நீங்களே கொண்டு வாங்க. லேப் பூட்டப் போறாங்க, முடிக்கேன். தம்பானூர் பஸ் ஸ்டாண்டுல காத்து நிப்பேன். சட்டை மாத்தாம, மில்லுலருந்து நேரா வாங்க.

உங்க மகள்,
செண்பகா