இருமாதவர்களின் சந்தா

அன்பு மாப்பிள்ளை கன்னியப்பனுக்கு,

நீ போன பிறகு நம் நெசவாளர் சங்கத்தில் நடந்ததை உனக்குச் சொல்ல வேண்டும். நீ எதிர்த்த விஷயம் என்பதால் முதலில் உனக்குச் சொல்வதுதான் மரியாதை.

நோய் நிதி என்று ஒன்று வைப்போம், எல்லோர் கூலியிலும் கட்டாயமாகக் கொஞ்சம் பிடிப்போம், படுத்தவன் வீட்டில் அடுப்பு எரியட்டும் என்று போன வருடம் சொன்னேன். சென்னை ஆலைத் தொழிலாளிகளுக்கு அரசாங்கமே அப்படிப் பிடிக்கிறது. சட்டத்தின் கண்ணில் நாம் தொழிலாளிகள் அல்ல. சொந்த வீட்டில் குழி தோண்டி, அதில் காலை விட்டுக்கொண்டு பட்டு நெய்கிறவர்கள். அன்று எழுந்தது நீதான். "இருமறவனுக்கு இருமாதவன் இன்னாத்துக்கு மச்சான் துட்டு அழணும்?" என்றாய். சபை கைதட்டியது. கைதட்டல் அடங்கியதும் நீ இருமினாய். அதை யாரும் பெரிதுபடுத்தவில்லை.

ஆஸ்பத்திரியில் காசநோய்க்கு மருந்து இலவசம். ஆனால் மாதக்கணக்கில் படுக்க வேண்டும். படுத்தால் தறி நிற்கும், தறி நின்றால் சோறு நிற்கும். ஆகவே இந்தச் சேலை முடியட்டும் என்றாய். அது முடிந்தபோது அடுத்த சேலைக்கான பாவு நூல் தயாராக இருந்தது. எப்போதுதான் பாவு தயாராக இல்லை, சொல்?

தெரு உன்னை நன்றாகத்தான் அனுப்பியது. பூப்பல்லக்கு, மேளம், வெடி. வீட்டுக்கு வீடு பணம் வந்தது. நம் தெரு வழக்கம் உனக்குத் தெரியும்: சாவுக்குக் கொடுக்காதவன் வீட்டுப் பிணத்துக்கு யாரும் தோள் கொடுப்பதில்லை.

போன வெள்ளிக்கிழமை சங்கத்தில் இதைத்தான் கேட்டேன். "செத்தவனுக்குச் சாவாதவன் கட்டறானே, அது மட்டும் எப்படி?"

உன் பக்கத்து வீட்டு நடேசன் எழுந்தான். "அது சாவுண்ணே. கண்டிப்பா வருது. வியாதி வந்தாலும் வரும், வராமயும் பூடும். அதுக்குப் போய் துட்டு கட்டுவாங்களா?"

"உனக்கு வராதா?"

"நான் கல்லு மாதிரி இருக்கறேன். நீ உன் தங்கச்சிக்கோசரம்தானே சட்டம் போடறே?"

சபை சிரித்தது. ஆமாம் என்றேன். அலமேலுவும் இருமுகிறாள், மாப்பிள்ளை. அதே இருமல். உன் தறியில் உட்கார்ந்துதான் நெய்கிறாள்.

முடிவில் தீர்மானம் நிறைவேறியது, ஒரே ஒரு திருத்தத்துடன். 'கட்டாயமாக' என்பதை எடுத்துவிட்டு 'விருப்பம் உள்ளவர்கள்' என்று போட்டார்கள். சுதந்திர நாடு அல்லவா? மறுநாள் பெயர் கொடுக்க வந்தவர்களைப் பார்த்தேன். வரிசை முழுக்க இருமல். கல்லு மாதிரி இருக்கிறவர்களில் ஒருவரும் வரவில்லை. நிதி தீபாவளி வரை தாங்காது என்று சங்கத் தலைவர் வருத்தப்பட்டார். "இதெல்லாம் நம்ம ஊருக்கு ஒத்துவராதுபா, நான் அப்பவே சொன்னேன்" என்று நடேசன் இப்போதே சொல்லிக்கொண்டு திரிகிறான்.

அந்த வரிசையிலும் அலமேலு இல்லை. வீட்டுக்குப் போய்க் கேட்டேன். "அவரு வாணாம்னு சொன்னாரேண்ணா. அவரு பேச்சை நான் எப்படி மீறறது?" என்றாள். ஆஸ்பத்திரிக்கும் அதே பதில்தான்: உன்னைப் போலவே இந்தச் சேலை முடியட்டுமாம். கைதட்டலுக்காக நீ பேசியது வீட்டில் இன்னும் சட்டமாக இருக்கிறது. அதை ரத்து செய்ய வேண்டிய நீ எங்கே இருக்கிறாய்?

பாதியில் நிற்கும் சேலையை நானும் என் மனைவியும் முடித்துக் கொடுப்போம். தங்கைக்கு அண்ணன் இருக்கிறான். அண்ணன் இல்லாதவர்கள் என்ன செய்வார்கள்? அவர்களுக்காக அடுத்த கூட்டத்திலும், அதற்கடுத்த கூட்டத்திலும் எழுந்து நிற்பேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

நாளைக் காலை அலமேலுவைச் சென்னை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகிறேன். நீ என் கனவில் வந்து, "போய்ட்டு வரச் சொல்லு மச்சான்" என்றதாகச் சொல்லப் போகிறேன். அவளுக்குப் படிக்கத் தெரியாது; இதைப் படிக்கிறவர்கள் தயவுசெய்து அவளிடம் சொல்ல வேண்டாம். உயிரோடு இருந்தவரை எந்தக் கூட்டத்திலும் நீ எனக்காகக் கை தூக்கியதில்லை. இந்த ஒரு முறை என் பக்கம் இரு.

உன் பெயரைச் சொல்லிப் பொய் பேசப் போகும்,
உன் மச்சான்