டாக்டர் கேட்ட கேள்வி

யேசு மரி சூசை

கண்டி ஆஸ்பத்திரி,
04.03.2024

அன்புள்ள ஷிராணி அப்பாவுக்கு,

யூஜினா எழுதுவது. உங்கள் சுகத்துக்கும் நம் மகள் சுகத்துக்கும் மாதாவை வேண்டிக்கொள்கிறேன். போனில் என் நம்பரை நீங்கள் பிளாக் பண்ணி வைத்திருப்பதால் கொழும்புக் கடை விலாசத்துக்கே எழுதுகிறேன். முதலாளி பிரித்துப் படித்தாலும் பரவாயில்லை, இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

எனக்குக் காசநோய் இல்லை. முதலில் அதைப் படித்துவிட்டு மிச்சத்தைப் படியுங்கள்.

போன செவ்வாய் தேயிலைக் கொழுந்து எடுக்கும்போது இருமி ரத்தம் வந்தது. பக்கத்து நிரையில் நின்ற பிரியந்திதான் தாங்கிப் பிடித்து, லொறியில் ஏற்றி, இங்கே வரைக்கும் கூடவே வந்தாள். படம் எடுத்துப் பார்த்தால் வலது நுரையீரலின் அடியில் ஒரு குண்டூசி. இரண்டு வருசமாக அங்கேயே இருந்திருக்கிறது.

உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அன்றைக்குப் பேர் பதிகிற காலைப் பெரட்டுக்கு நேரமாகிவிட்டது. படங்குச் சாக்கை இடுப்பில் கட்ட இரண்டு கையும் வேண்டும் என்று, தலைத்துணிக்குக் குத்துகிற ஊசியைப் பல்லில் கடித்துக்கொண்டு நின்றேன். லயத்து வீடுகளில் எல்லாப் பெண்களும் அப்படித்தான். "இன்னும் என்னாடி சிங்காரம்" என்று முதுகில் அடித்தீர்கள். ஊசி உள்ளே போய்விட்டது. உங்கள் அம்மா மூன்று வாழைப்பழம் உரித்துத் தந்து, "ரெண்டு நாள்ல வெளிய போயிரும்" என்றார்கள். போய்விட்டது என்றுதான் நானும் இருந்தேன். அது வயிற்றுக்குப் போகவில்லை, மூச்சுக்குழாய்க்குள் போயிருக்கிறது.

குற்றம் சொல்ல எழுதவில்லை. கை நீட்டாத புருசன் நம் லயத்தில் யார்? கேட்பது ஒன்றுதான். காசக்காரியிடம் பிள்ளை இருக்கக்கூடாது என்று ஷிராணியை டயகமவில் உங்கள் அம்மாவிடம் விட்டு ஏழு மாதமாகிறது. பன்னிரண்டாம் திகதி எனக்கு ஒப்பரேசன். அதற்கு முன்னால் அவளை ஒருதரம் கூட்டிவந்து காட்டுங்கள். சுகமானதும் வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள்.

உங்கள் அன்பு மனைவி,
யூஜினா

கொழும்பு,
09.03.2024

யூஜினாவுக்கு,

கடிதம் கிடைத்தது. சந்தோசம். கடையில் சித்திரை வருசத்து வியாபாரம், லீவு கேட்டால் முதலாளி கடிக்க வருகிறார். பிள்ளையும் பள்ளிக்கூடம் போகிறாள், இடையில் கூட்டிக்கொண்டு அலைய முடியாது. காசம் இல்லை என்று நீ சொன்னால் போதுமா? டாக்டர் கையெழுத்துப் போட்ட துண்டுச் சீட்டு வேண்டும். அம்மா பயப்படுகிறார்.

இன்னொன்று. ஆஸ்பத்திரிக்குள்ளேயே போலீஸ் இருக்கும். ஊசி எப்படிப் போனது என்று கேட்டால் தும்மல் வந்தது என்று சொல். முதுகைத் தொட்டதையெல்லாம் பெரிதாக்காதே. ஊசியை வாயில் வைத்தது நீ.

உடம்பைப் பார்த்துக்கொள்.

சுகந்தன்

டிக்கோயா,
22.03.2024

அன்புள்ள ஷிராணி அப்பாவுக்கு,

தும்மல் என்றுதான் சொன்னேன். டாக்டர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு எழுதிக்கொண்டார்.

முதலில் வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார்கள். ஊசி எட்டவில்லை. நெஞ்சைப் பிளக்கப் போகிறார்கள் என்று நடுங்கிக்கொண்டிருந்தேன். பிளக்கவில்லை. விலாவில் மூன்று சின்ன ஓட்டை போட்டு, ஒன்றில் கேமராவை விட்டு, டிவியில் பார்த்துக்கொண்டே எடுத்துவிட்டார்களாம். கறுத்துப்போன ஊசியைப் போத்தலில் போட்டுக் காட்டினார்கள். இரண்டு நாள் விலாவில் குழாய் இருந்தது. அதை உருவும்போதுதான் உயிர் போய் வந்தது. இப்போது படியேறினால் மூச்சு வாங்கவில்லை. நீங்கள் கேட்ட துண்டின் போட்டோக் கொப்பி இத்தோடு வருகிறது.

இனி எழுதப் போவதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

வார்டில் தனுஷன் என்று ஒரு டாக்டர், வலப்பனைக்காரர், நம் ஆள். என் பழைய கிளினிக் கொப்பியை வாங்கி, இங்கிலீசில் இருந்ததைத் தமிழில் வாசித்துக் காட்டினார். இருமல் தொடங்கி முதல்தரம் மருந்துக்குப் போனபோது எழுதியது. எனக்குச் சிங்களம் வராது, அந்த டாக்டருக்குத் தமிழ் வராது, நீங்கள்தான் நடுவில் நின்று பேசினீர்கள். கொப்பியில் இருப்பது இது: ஏதாவது விழுங்கினாளா என்று கேட்டேன், இல்லை என்கிறார் கணவர். எக்ஸ்ரே எடுக்கச் சொன்னேன். அடுத்த மாதம்: எக்ஸ்ரே எடுக்கவில்லை, மனைவிக்கு விருப்பமில்லை என்கிறார் கணவர். அதற்கடுத்த மாதமும் அதேதான்.

டாக்டர் என்ன சொல்கிறார் என்று அன்றைக்கு உங்களிடம் கேட்டேன். "மருந்த ஒழுங்கா குடிக்கலன்னு ஏசுறாரு" என்றீர்கள். நான் அவரைப் பார்த்துத் தலையாட்டினேன். எக்ஸ்ரே வேண்டாம் என்று நானே சொல்வதாக அவர் நினைத்திருப்பார்.

தனுஷன் டாக்டர் பிழையாக வாசித்திருப்பார் என்று ஒரு வரி எழுதுங்கள். நம்பிக்கொள்கிறேன்.

யூஜினா

கொழும்பு,
30.03.2024

யூஜினாவுக்கு,

துண்டைப் பார்த்தேன். பிள்ளை விசயம் பிறகு பேசலாம்.

ஊசி என்று சொன்னால் எப்படி என்று கேட்பார்கள். அடித்தேன் என்று வந்தால் என்னைப் பிடித்துக்கொண்டு போவார்கள். பிறகு வீட்டை யார் பார்ப்பது? சாதாரண இருமல், போய்விடும் என்று நினைத்தேன். போகவில்லை. அதற்குப் பிறகு வாயைத் திறக்க வழியில்லாமல் போய்விட்டது. காசம் என்று முதலில் சொன்னது நானில்லை. லயத்தில் பேசினார்கள், நான் மறுக்கவில்லை. அவ்வளவுதான். எல்லாம் பிள்ளைக்காகத்தான் செய்தேன்.

இப்போதுதான் சுகமாகிவிட்டதே, பழையதைக் கிளறாதே. சித்திரை வருசத்துக்கு வருகிறேன். உனக்கு ஒரு சேலை எடுத்து வைத்திருக்கிறேன்.

சுகந்தன்

டிக்கோயா,
07.04.2024

சுகந்தனுக்கு,

வருசத்துக்கு வர வேண்டாம்.

வியாழக்கிழமை பிரியந்தியோடு டயகமவுக்குப் போய் ஷிராணியைக் கூட்டிவந்துவிட்டேன். உங்கள் அம்மா துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். தடுக்கவில்லை. "எனக்கு அவன் சொன்னதுதானே தெரியும்" என்று அழுதார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை.

பஸ்ஸில் பிள்ளை என் பக்கத்தில் உட்காரவில்லை, பிரியந்தி மடியில்தான் வந்தாள். கவுனைத் தூக்கி மூக்கையும் வாயையும் பொத்திக்கொண்டே வந்தாள். சோற்றுக் கோப்பையை வாசற்படிக்கு எடுத்துப்போய்ச் சாப்பிடுகிறாள். "அம்மாக்கு நல்லாயிருச்சு மகள்" என்றால், "கிட்ட போனா செத்துப் போயிருவேன்னு அப்பா சொன்னாரு" என்கிறாள். ஆறு வயதுப் பிள்ளைக்கு எந்தத் துண்டை வாசித்துக் காட்டுவது?

அடித்ததை மறந்துவிட்டேன். கொப்பியில் இருந்ததைக்கூட, பயந்துபோன மனுசன் என்று எண்ணி மன்னித்திருப்பேன். உங்கள் கடிதத்தை நாலைந்துதரம் படித்ததே அதற்காகத்தான். காசம் இல்லை என்று தெரிந்துகொண்டே பிள்ளையிடம் இதைச் சொன்னதற்கு மன்னிப்பு இல்லை. உங்கள் முகத்தைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

உங்கள் இரண்டு கடிதத்தையும் நேற்றுப் போலீசில் கொடுத்துவிட்டேன். தும்மல் என்று பொய் சொன்னதையும் ஒத்துக்கொண்டேன்.

இன்று ஞாயிறு. கோயிலுக்குப் போக ஷிராணிக்குத் தலைவாரிவிட்டேன். பின்னல் முடியும் வரைக்கும் மூச்சை அடக்கிக்கொண்டே நின்றாள்.

யூஜினா