கற்பிட்டிக்காரரின் தங்கச்சி

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆறு வருடம் நான் எங்கள் படகுச் சங்கத்தின் தலைவியாக இருந்தேன். இலங்கையின் கற்பிட்டிச் சங்கத்தோடு உறவை ஏற்படுத்தியதும் நான்தான். இப்போதைய தலைவி ஜெசிந்தா, எல்லையருகே வாரம் மூன்று நாள் வலை போடமாட்டோம் என்று அவர்களுக்கு எழுதிக் கொடுத்துவிட்டாள். இன்று கூட்டத்தில் எழுந்து கேட்டேன்.

"இப்படிக் குனிஞ்சு போனா நாளைக்குக் கடலையே கேப்பாங்க."

"ஏளா, ஒன் காலத்துல அவங்க போனையாவது எடுத்தாங்களா?" என்றார் மரியதாஸ் அண்ணாச்சி. எல்லோரும் சிரித்தார்கள்.

அப்போதுதான் ஜெசிந்தாவின் போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டாள். கற்பிட்டித் தலைவர். "தங்கச்சி, மாதா பெருநாளுக்கு நாங்க குடும்பத்தோட வாறம்!"

என்னை அவர் கடைசிவரை மேடம் என்றே அழைத்தார்.

என் கண்டனத்தைப் பதிவு செய்யச் சொல்லிவிட்டு வந்தேன். அந்த ஒப்பந்தத்தை நான் இன்னும் படிக்கவில்லை.