நினைவுக் கூட்டத்தில் படிக்க

அன்புள்ள தம்பிக்கு,

பாட்டியின் நினைவுக் கூட்டத்தில் படிக்க நாலு வரி கேட்டிருந்தாய். கடைசிவரை கூட இருந்தவள் நான்தானாம். சரி, எழுதுகிறேன்.

பாட்டி தினமும் காலை ஐந்து மணிக்கு எழுந்து, ஒவ்வொருவர் பெயராகச் சொல்லி வேண்டுவாள். பால்காரரின் முழங்கால்வலி, எதிர்வீட்டுப் பெண்ணின் பரீட்சை எல்லாம் அதில் வரும். வம்புக்கு வந்தவர்களையும் விடமாட்டாள். "அவங்களுக்குத்தான்டி முதல்ல வேணும்" என்பாள். இதை அப்படியே படி, சிரிப்பார்கள்.

இனி வருவதைப் படிக்காதே.

உன் பெயரைச் சொல்லும்போது வெறும் முணுமுணுப்புத்தான். எல்லோருக்கும் அப்படித்தான். என் பெயர் வந்தால் மட்டும் சுவர் தாண்டிக் கேட்கும்: "இவ என்னை விட்டுப் போயிடக் கூடாது, சாமி!"

வெளியூர் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் வேலைக்கு மூன்று முறை உத்தரவு வந்தது. மூன்று முறையும் கட்டிய பெட்டியை, அந்தக் குரலைக் கேட்டதும் பிரித்தேன். பாவம், காது மந்தம், அதனால் கத்துகிறாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். காது மந்தமென்றால் உன் பெயரையும் அல்லவா கத்தியிருக்க வேண்டும்?

கோபமில்லை. அவள்மேல் நான் உயிரையே வைத்திருந்தேன், உனக்குத் தெரியும்.

நேற்று மறுபடி பெட்டியைக் கட்டினேன். இன்று ஐந்து மணிக்கு வீடு சத்தமில்லாமல் கிடந்தது. ஐந்தரை வரை கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். பிறகு துணிகளை எடுத்து அலமாரியிலேயே திரும்ப அடுக்கிவிட்டேன்.

கூட்டத்தில் கடைசியாக இதைச் சொல்லி முடி: பாட்டியின் வேண்டுதல் வீண்போனதே இல்லை.

அது பொய்யில்லை.

உன் அக்கா