பேசாலையில் பிறக்காதவள்

அப்பா,

இன்று காலை நான் வேலை செய்கிற போட்டோக்கொப்பிக் கடையைத் திறந்து லமினேட்டிங் மெஷினைப் போட்டதும் அந்த வாசனை வந்தது. பிளாஸ்டிக் சூடேறுகிற, லேசாகத் தலையிடிக்கிற வாசனை. மற்றப் பிள்ளைகளுக்குத் தகப்பனை நினைக்கச் சுருட்டு மணமோ கடல் மணமோ இருக்கும். எனக்கு வாய்த்தது இது. அகதி முகாமில் இருந்தபோது என் ஞானஸ்நானப் பத்திரத்தை நீங்கள் லமினேட் செய்து கொண்டுவந்து, "இனி இது கடலுக்க விழுந்தாலும் தப்பும்" என்று அறை அறையாகக் காட்டித் திரிந்தது நினைவிருக்கிறது. காட்டினீர்களே தவிர ஒருவர் கையிலும் கொடுக்கவில்லை. என் கையில்கூட. அழுக்குப் பட்டுவிடுமாம். அதைப் பெட்டியின் அடியில் வைத்துப் பூட்டிவிட்டீர்கள்.

நான் மன்னார்த் தீவில், பேசாலையில் பிறந்தவள் என்றுதான் எனக்குச் சொல்லி வளர்த்தீர்கள். மாரி மழை கொட்டியதாம், கோயில் மணி அடித்ததாம், மணி ஓய முதல் நான் பிறந்தேனாம், கைக்குழந்தையாய் என்னைத் தூக்கிக்கொண்டு படகு ஏறினீர்களாம். அம்மாவிடம் கேட்டுப் பார்க்கலாம் என்றால், எனக்கு ஆறு வயதிலேயே அவர் போய்விட்டார். ஆகவே தமிழ்நாட்டு முகாமில் வளர்ந்தாலும் நான் மன்னார்க்காரி. "ஆமாங்க" என்று வாய் தவறிச் சொன்னால் தலையில் ஒரு குட்டு. "ஓம் எண்டு சொல்லு. நாளைக்கு ஊரில உன்னை ஆர் எண்டு கேப்பினம்."

அந்த 'நாளைக்கு' வர இருபத்திரண்டு வருடம் ஆனது. முறையாகப் போகக் கடதாசிகள் வேண்டும், அதற்குப் பொறுமை வேண்டும். இரண்டும் நம்மிடம் இல்லாதபடியால் படகில் வந்தோம். தலைமன்னாருக்கு அப்பால் ஒரு மணல்திட்டில் எங்களை இறக்கிவிட்டுப் படகுக்காரர் திரும்பிவிட்டார். விடிந்ததும் கடற்படைக்காரர் ஒருவர் வந்தார். அரைகுறைத் தமிழில் என்னைப் பார்த்து, எங்கே பிறந்தாய் என்று கேட்டார். அத்தனை வருடப் பயிற்சியும் அந்த ஒரு கேள்விக்காகத்தான். நான் அவசரமாக, "பேசாலைங்க சார்" என்றேன். அவர் சிரித்துவிட்டார். நீங்கள் மணலில் குந்தி இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டீர்கள்.

நீதிமன்றம், பிணை, அலைச்சல் எல்லாம் முடிந்தபின் உங்களுக்கு ஊர் சுலபமாகக் கிடைத்தது. பதிவுக் கந்தோரில் பழைய புத்தகத்தைத் தூசி தட்டி உங்கள் பிறப்புப் பதிவை எடுத்துத் தந்தார்கள். என் பெயர் ஒரு புத்தகத்திலும் இல்லை. அடையாள அட்டை இல்லாமல் வேலை இல்லை, படிப்பு இல்லை, கைபேசிச் சிம் கூட உங்கள் பெயரில். உயிலங்குளம் பஸ்ஸில் யாராவது சோதனைக்கு ஏறினால் நான் நித்திரை போல நடிப்பேன். வெளிநாட்டுக்காரி என்று பிடித்துத் திருப்பி அனுப்பினால் இந்தியாவும் என்னை எடுக்காது, அவர்களுடைய முகாம் அட்டையில் நான் பேசாலையில் பிறந்தவள்.

அப்படித்தான் ஒருநாள் அந்தப் பிளாஸ்டிக் பத்திரத்தை வெளியே எடுத்தீர்கள். கந்தோரில் இருந்த உத்தியோகத்தர் அம்மா மூக்குக்கண்ணாடியை ஏற்றி அதை வாசித்தார். பிறகு முகாம் அட்டையை வாசித்தார். பிறகு மறுபடி பத்திரத்தை.

"ஐயா, இந்தியா அட்டையில பிள்ளை இலங்கையில பிறந்தது எண்டு இருக்கு. இந்தக் கோயில் பத்திரத்தில இந்தியாவில பிறந்தது எண்டு இருக்கு. எது உண்மை?"

நான் உங்களைப் பார்த்தேன். நீங்கள் மேலே ஓடுகிற காற்றாடியைப் பார்த்தீர்கள்.

"நடுவில கடல்தானே அம்மா. கடலில எண்டு போடுங்கோவன்."

அவர் பேனையை மூடி வைத்துவிட்டார்.

வீட்டுக்கு வரும் வழியில் உண்மை ஒவ்வொன்றாய்க் கழன்றது. நான் முகாமில் பிறந்தபோது அங்கேயே பதியச் சொல்லி எல்லோரும் சொன்னார்களாம். "ரெண்டு மாசத்தில ஊருக்குப் போயிடுவம், என்ர பிள்ளையின்ர பேர் மன்னாரிலதான் ஏற வேணும்" என்று நீங்கள் விட்டுவிட்டீர்கள். பிறகு முகாமின் அரிசி அட்டையில் என்னைச் சேர்க்கும்போது, ஊரில் பிறந்தவள் என்று எழுதிவைத்தால் திரும்பிப் போக வசதி என்று ஒரு பொய். ஆனால் ஞானஸ்நானத்துக்குச் சாமியார் கேட்டபோது கோயிலுக்குள் நின்று பொய் சொல்லப் பயம். அரசாங்கத்துக்கு ஒன்று, ஆண்டவருக்கு ஒன்று சொல்லிவிட்டு, இரண்டும் ஒரே மேசைக்கு வராது என்று நம்பியிருந்தீர்கள்.

பத்து நாள் நான் உங்களோடு கதைக்கவில்லை. மழையும் மணியும் இட்டுக்கட்டியவை என்பதை என்னால் தாங்க முடியவில்லை. அட்டையில் சொன்னது பொய் என்று நீங்கள் ஒரு சத்தியக்கடதாசி கொடுத்தால் போதும் என்று அந்த அம்மா சொல்லியிருந்தார். பதினோராம் நாள் நானே வாய் திறந்து கேட்டேன். நீங்கள் அசையவில்லை.

"ஊரெல்லாம் சொல்லிப்போட்டன். இப்ப போய் நான் பொய்க்காரன் எண்டு சத்தியம் பண்ணவோ?"

"உங்களுக்கு வெக்கம் அப்பா. எனக்கு நாடே இல்லை."

அன்று நீங்கள் சாப்பிடவில்லை. மறுநாள் நான் கூப்பிடாமலே சேர்ட் போட்டுக்கொண்டு கந்தோருக்கு வந்தீர்கள். வந்தும் அதே முரண்டு. அந்த அம்மா களைத்துப்போய்ச் சொன்னார்:

"ஐயா, பிள்ளை எங்க பிறந்தாலும் பரவாயில்லை, உண்மையை எழுதித் தந்தாச் சரி. நீங்கள் இலங்கையர்தானே. உங்களாலதான் பிள்ளைக்குப் பிரஜாவுரிமை வருது."

உங்கள் முதுகு நிமிர்ந்ததை நான் பார்த்தேன்.

"என்னாலயோ?"

"ஓம்."

"பேசாலையால இல்லையோ?"

"இல்லை ஐயா. உங்களால."

"இதை அம்மா முதலே சொல்லியிருக்கலாமே!" என்று அவரையே குற்றம் சொல்லிவிட்டு எழும்பினீர்கள். அந்தக் கிழமை முழுக்க தேத்தண்ணிக் கடையில் இதே கதைதான். இலங்கை அரசாங்கம் உங்களை நம்பித்தான் என்னை எடுக்கிறதாம்.

சத்தியக்கடதாசி அடித்துத் தருகிற சமாதான நீதவான் வீட்டில்தான் என் பிறப்பை உங்கள் வாயால் முதன்முதலாய்க் கேட்டேன். அவர் தட்டச்சு மெஷினுக்கு முன்னால் இருக்க, நீங்கள் கதிரை நுனியில் இருந்துகொண்டு தொடங்கினீர்கள்.

"மனிசிக்குப் பிள்ளை நோ கண்டோன்ன மருத்துவிச்சியைக் கூட்டிவர ஓடினனான் ஐயா. பதட்டத்தில அரிசி குடுக்கிற கிளாக்கரைக் கூட்டிக்கொண்டு வந்திட்டன்."

தட்டச்சு நின்றது. "அவரை ஏன்?"

"அவரிட்டத்தான் சைக்கிள் இருந்தது."

கிளாக்கர் வாசலில் நின்று உங்களைவிடக் கூடுதலாய் நடுங்கினாராம். பக்கத்து அறை அக்காதான் என்னைக் கையில் எடுத்தாராம். மழை இல்லை, நல்ல வெயில். மணி இல்லை, யாரோ வீட்டு ரேடியோ. சில கிழமை கழித்து அட்டையில் பெயர் போட அதே கிளாக்கரிடம் போய், பிள்ளை பேசாலையில் பிறந்தது என்று சொன்னீர்களாம். தான் வாசலில் நிற்கப் பிறந்த பிள்ளையை அந்த மனிதர் ஒரு கணம் பார்த்துவிட்டு, சிரித்துக்கொண்டே அப்படியே எழுதினாராம்.

"இதில எதை நான் அடிக்கிறது?" என்று நீதவான் கேட்டார்.

"எல்லாத்தையும் அடியுங்கோ."

அவர் இரண்டு வரிதான் அடித்தார். உங்களுக்கு அதில் பெரிய மனக்குறை. எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. பத்து நாள் கோபம் அந்தச் சைக்கிளோடு போய்விட்டது, அப்பா. இட்டுக்கட்டிய மழையைவிட அந்த வெயில் எனக்குப் பிடித்திருந்தது.

கடதாசிகள் கொழும்புக்குப் போய்த் திரும்ப ஒன்றரை வருடம் எடுத்தது. என் அடையாள அட்டை வந்த அன்று நீங்கள் அதை வாங்கித் தூரமாய்ப் பிடித்துப் பார்த்து, "படத்தில ஏன் ஆரோ அடிச்ச மாதிரி முழிக்கிறாய்?" என்றீர்கள். இரண்டு மாதம் கழித்து ஒரு மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தவர் எழும்பவில்லை.

உங்களுடைய இறப்பைப் பதிய நான்தான் போனேன். கந்தோர் என்றாலே எனக்கு உடம்பு தானாகத் தயாராகிவிடும். ஒரு பை நிறையக் கடதாசி கொண்டுபோனேன்: உங்கள் பிறப்புப் பதிவு, என் பிரஜாவுரிமைப் பத்திரம், சத்தியக்கடதாசி, முகாம் அட்டை, எல்லாவற்றுக்கும் மும்மூன்று போட்டோக்கொப்பி. பதிவாளர் ஒரு வயதானவர். யார் அறிவிக்கிறது என்று கேட்டார். மகள் என்றேன். அடையாள அட்டையை நீட்டினேன். இலக்கத்தை எழுதிக்கொண்டு திருப்பித் தந்தார். ஆஸ்பத்திரிக் கடதாசியை ஒருமுறை பார்த்தார். நான் பையைத் திறந்துகொண்டு காத்திருந்தேன்.

"வேற என்ன வேணும் ஐயா? சாட்சி இருக்கு. கொப்பி இருக்கு."

"ஒண்டும் வேண்டாம் பிள்ளை. நீங்கள் மகள்தானே. உங்கட சொல்லுப் போதும். இதில ஒரு கையெழுத்து வையுங்கோ."

அந்தப் பையை இன்னும் எங்கே போனாலும் காவிக்கொண்டுதான் போகிறேன். அன்றைக்குத்தான் ஒரு அரசாங்கம் என் வாய்ச்சொல்லை முதல்முதலாய் நம்பியது. அன்றைக்கு மட்டும் அந்த மனிதர் தலையை ஆட்டி, "இது காணாது, போயிட்டு அடுத்த கிழமை வாங்கோ" என்று என்னைத் திருப்பி அனுப்பியிருந்தால், உங்கள் இறப்பைப் பதியாமலே நான் எவ்வளவு சந்தோசமாய் வீட்டுக்கு வந்திருப்பேன், அப்பா.