ஒளிக்க முடியாத நாலு மாசம்

அன்புள்ள அத்தா,

அட்டனில் ஒரு வாரமாக விடாத மழை. பேரனின் காற்சட்டை காயவில்லை என்று ஈரத்தோடே இஸ்திரி போட்டேன். ஆவி எழும்பியதும் வீடெல்லாம் உங்கள் தையற்கடை வாசனை. அந்த நேரம் பார்த்து மருமகள் கேட்டாள்: "உங்க அத்தா கடைசியா படுத்திருந்தப்ப எத்தன நாள் கூட இருந்தீங்க மாமி?"

"ஒரு மாசம்" என்றேன். அப்போதிருந்து ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. சமையலறைக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டிருக்கிறேன்.

நீங்களும் உட்கார்ந்தவரில்லை. பாங்கு கேட்டால் மெஷினை அப்படியே விட்டுவிட்டு, கழுத்தில் அளவு நாடா தொங்க, மேட்டுப் பாதையில் பள்ளிவாசலுக்கு ஓடுவீர்கள். "தொழப் போறீங்களா, லெப்பைக்கு ஜிப்பா அளவெடுக்கப் போறீங்களா?" என்று அம்மா கேலி செய்வார். தீபாவளிக்கும் பெருநாளுக்கும் யார் துணியும் உங்களிடம் தாமதமானதில்லை. எங்கள் சட்டைகளுக்கு மட்டும் பெருநாள் காலையில்தான் பொத்தான் தைப்பீர்கள்.

இலங்கைக்குச் சுதந்திரம் வந்த பிறகு பிரஜாவுரிமைக்கு மனுப் போட்டீர்கள். விசாரணைக்கு எங்களையும் நுவரெலியாவுக்குக் கூட்டிப் போனீர்கள். முன்பு இந்தியாவில் நம் ஊரில் உங்கள் தாயார் நோயில் விழுந்தபோது போய்ப் பார்த்துக்கொண்டீர்களே, அதைப் பற்றித்தான் கேள்வி. ஒரு வருஷத்துக்கு மேல் இங்கே இல்லாதிருந்தால் மனு நிற்காது. மொழிபெயர்த்தவர் நல்ல மனுஷன். குரலைத் தாழ்த்தி, "பத்து மாசம்னு சொல்லுங்க பாய், யாரு பாக்கப் போறா?" என்றார்.

நீங்கள் நிமிர்ந்து நின்றீர்கள். "பதிநாலு மாசம்ங்க. எங்கம்மா படுக்கையில கெடந்தது பதிநாலு மாசம். அதுல நாலு மாசத்த நான் எங்க கொண்டுபோய் ஒளிக்கிறது?"

மனு தள்ளுபடியானது. அதன் பிறகு விசா, விசா என்று வருஷக்கணக்காய் அலைந்தீர்கள். ஒருநாள் விசாவும் கிடைக்காமல் போனது. நான் இந்த நாட்டுப் பிரஜை ஒருவரைக் கட்டியிருந்ததால் தங்கிவிட்டேன். நீங்களும் அம்மாவும் தம்பியும் மெஷினை ஜமுக்காளத்தில் சுற்றிக்கொண்டு இந்தியாவுக்குப் போக ரயிலேறினீர்கள்.

ஸ்டேஷனில் சனத்துக்கு நடுவே உங்களோடு சண்டை போட்டேன். "ஒரே ஒரு பொய் சொல்லியிருந்தா எல்லாரும் இங்கயே இருந்திருக்கலாமே அத்தா!"

"கோவமா இரும்மா. ஆனா வந்து பாத்துட்டுப் போ" என்றீர்கள்.

கோபமாகத்தான் இருந்தேன். பார்க்க வந்தது குறைவு. தொண்ணூறு வயதுக்குப் பிறகு நீங்கள் படுத்துவிட்டதாகத் தகவல் கிடைத்துத்தான் ஓடி வந்தேன். வந்தும், வீட்டில் கலியாண வேலை கிடக்கிறது என்று புறப்பட்டேன். நீங்கள் தடுக்கவில்லை. என் சேலை ஓரத்தை விரலால் தடவி, "தையல் பிரிஞ்சிருக்கு, கால் தடுக்கும்" என்றீர்கள். அந்த வெள்ளிக்கிழமையே போய்விட்டீர்கள்.

கேட்பவர்களிடமெல்லாம் ஒரு மாதம் என்றுதான் இத்தனை காலமாகச் சொல்லி வருகிறேன். யார் பார்க்கப் போகிறார்கள்? அந்தச் சேலையை இன்னும் தைக்கவில்லை, அப்படியே வைத்திருக்கிறேன். உங்களிடம் மட்டும் மாற்றிச் சொல்ல வாய் வரவில்லை.

ஒன்பது நாள், அத்தா. ஒன்பது நாள்தான் இருந்தேன்.