பட்டாணிக்கு அரை போட்டேன்

மார்ச் 4, செவ்வாய்

காலையில் சாமி கும்பிட்டுவிட்டு உட்கார்ந்தவள், பன்னிரண்டு சட்டைக்குக் காஜா எடுத்த பிறகுதான் எழுந்தேன். தையல்காரர் இந்த வருஷம் பள்ளிச் சீருடைத் துணியைச் சீக்கிரமே இறக்கிவிட்டார். நீலக் கட்டம் சந்தைப் பள்ளிக்கு, பழுப்பு மேட்டுப் பள்ளிக்கு. பட்டன் ஓட்டைக்கு ஓரம் கட்டுவதும் பட்டன் வைப்பதும் என் பங்கு. "அக்காவுக்கு வாயும் சும்மா இருக்காது, கையும் சும்மா இருக்காது" என்று தம்பி கிண்டல் செய்வான்.

அவர் போனதிலிருந்து ஒன்பது வருஷமாகத் தம்பி வீட்டு மாடிதான் எனக்கு. தம்பி மின்சார வாரியத்தில் லைன்மேன். அவன் பெண்டாட்டி ஆஸ்பத்திரியில் குழந்தைகள் வார்டு நர்ஸ். அக்கரைப் பெண். ஆற்றுக்கு அந்தப் பக்கத்து ஜனம். பாஷை வேறு, கும்பிடுகிற விதம் வேறு. அந்தக் கல்யாணத்தைக் கேள்விப்பட்டு மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்தவள் நான். இப்போது அவள் டியூட்டி முடிந்து வர நேரமானால் எனக்குச் சோறு இறங்குவதில்லை. கடவுள் என்னை எப்படியெல்லாம் வளைத்துவிட்டார்!

அவர்களுக்கு ஒன்றே ஒன்று, எங்கள் பட்டாணி. ஐந்து முடிந்துவிட்டது. ஜூனில் ஒன்றாம் வகுப்பு. என் மாடிக்கு வருகிற பதினாலு படியையும் அம்மா பாஷையில் சத்தமாக எண்ணிக்கொண்டே ஏறுவாள். பதினாலாவது படியில் ஒரு கத்தல் கத்துவாள் பாரு, ஊசி என் விரலில் ஏறிவிடும்.

எந்தப் பள்ளி என்று இன்னும் முடிவாகவில்லை.

மார்ச் 7, வெள்ளி

சாப்பிடும்போது அதே பேச்சு.

"மேட்டுப் பள்ளில நல்லா சொல்லித்தர்றாங்க. ஆனா அங்க பூரா நம்ம ஆளுங்கதான்" என்றான் தம்பி.

"அதைத்தான் நானும் யோசிக்கிறேன். அங்க இவ ஒருத்திதான் தனியாத் தெரிவா. சந்தைப் பள்ளின்னா எல்லா ஜனமும் கலந்திருக்கு. யாரும் யாரையும் உத்துப் பாக்க மாட்டாங்க" என்றாள் அவள்.

"கலந்திருக்குன்னா எவ்வளவு? பேருக்கு நாலு புள்ளைங்களா, நெசமாவே சரிக்குச் சரியா?"

யாருக்கும் தெரியவில்லை. "எண்ணிப் பாத்தா நல்லாத்தான் இருக்கும்" என்று அவள் இழுத்தாள்.

"நான் எண்ணிட்டு வர்றேன்" என்றேன்.

"நீ எண்ணவா போவே? ஊர்க்கதை பேசிட்டு வருவே!" தம்பி சிரித்தான். அவளும் சிரித்தாள். பட்டாணி, ஏனென்று தெரியாமலே, எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தது.

என் மனசில் மேட்டுப் பள்ளிதான். காலையில் நம் முறைப்படி பிரார்த்தனை உண்டு. ஆனால் சொல்லவில்லை.

மார்ச் 12, புதன்

மூன்று நாளாகச் சந்தைப் பள்ளியின் சின்ன வகுப்பு வாசலில் நிற்கிறேன். ஒன்றும் இரண்டும் அந்த வழியாகத்தான் போகும். கையில் கோடு போட்ட நோட்டு. எந்தப் பிள்ளை எந்த ஜனம் என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியுமா? அதனால் அம்மாக்களிடம் பேச்சுக் கொடுத்தேன். எந்தத் தெரு, எத்தனை பிள்ளை, வீட்டில் என்ன பாஷை. நான் கேட்டால் யார்தான் சொல்ல மாட்டார்கள்? மலைக்காரப் பெண் ஒருத்தி தன் பிரசவக் கதை முழுவதையும் சொன்னாள்.

அக்கரைப் பழக்காரம்மாவுக்கு ரெட்டைப் பெண்கள். "எண்ணெய் மில்லுக்குப் பின்னாடி, பச்சைக் கதவு வீடு. ஒரு நாள் வாங்கக்கா" என்று கையில் இரண்டு கொய்யாப்பழத்தைத் திணித்தாள். என்ன மனசு!

மார்ச் 19, புதன்

கணக்கு முடிந்தது. தலையை எண்ணினால் போதும் என்றுதான் அவர்கள் கேட்டார்கள். எனக்கு அரைகுறை வேலை பிடிக்காது. வரிசை எண், தெரு, வீட்டு அடையாளம், என்ன ஜனம் — அடிக்கோல் வைத்துக் கட்டம் போட்டு எழுதினேன். எங்கள் ஊர் வாத்தியார் பார்த்திருந்தால் மெச்சியிருப்பார்.

நம்மவர்கள் பத்தொன்பது. அக்கரை பதினாலு. மலைக்காரர்கள் பதினொன்று. மொத்தம் நாற்பத்துநாலு.

சாப்பிட்டதும் எல்லார் முன்னாலும் முதலிலிருந்து வாசித்தேன். "ஏழு, எட்டு — பச்சைக் கதவு, ரெட்டைப் பெண்கள், அக்கரை..." தம்பி கை தட்டினான். கடைசியில், "நாற்பத்தைந்து, நம்ம பட்டாணி. சேர்ந்தா நம்ம பக்கம் அரை, அக்கரைப் பக்கம் அரை!" என்று முடித்தேன். தம்பிக்குச் சிரித்துச் சிரித்துப் புரை ஏறிவிட்டது.

அவள் மட்டும், "அரைன்னு போட்டுட்டீங்களே அண்ணி" என்றாள். கோபமாக இல்லை. சும்மா.

கணக்கு சரியாக இருக்க வேண்டாமா?

எப்படியோ, சந்தைப் பள்ளி என்று முடிவாயிற்று. நாளைக்கே பட்டாணிக்கு நீலக் கட்டத்தில் அளவெடுக்கணும்.

மார்ச் 21, வெள்ளி

நம் ஜனத்துப் பிரார்த்தனை மண்டபத்தில், அதன் செயலாளரிடம் சொல்லிச் சிரித்தேன். என் தம்பி வீட்டு ஆராய்ச்சியைக் கேளுங்கள் என்று. நோட்டு பையிலேயே இருந்தது. எடுத்துக் காட்டினேன். ஒவ்வொரு பக்கமாக விரல் வைத்துப் படித்தார்.

"எங்க ஆஃபீஸ்ல இவ்வளவு சுத்தமா எழுத ஆளில்லக்கா. ரெண்டு நாள் இருக்கட்டுமா? நம்ம புள்ளைங்க பத்தொன்பது பேரு அங்க கஷ்டப்படுதுங்களே. மேட்டுப் பள்ளில எடம் கேட்டுப் பாக்கலாம்."

நல்ல காரியம்தானே. அவர் புகழ்ந்ததில் எனக்கும் உச்சி குளிர்ந்துதான் போயிற்று. பொய் சொல்ல மாட்டேன்.

ஏப்ரல் 3, வியாழன்

இரண்டு நாள் பதின்மூன்று நாளாகிவிட்டது. நோட்டு வரவில்லை. கேட்டால், "பத்திரமா இருக்குக்கா" என்கிறார்.

ஏப்ரல் 22, செவ்வாய்

தையல்காரர் நீலக் கட்டத் துணியைச் சுருட்டிப் பரணில் போட்டார். போன வருஷம் இந்த நேரம் முப்பது சட்டை போயிருக்கும். இந்த வருஷம் எட்டு.

"எல்லாரும் பழுப்பு கேக்குறாங்கக்கா. பத்தொன்பது வீட்டுக்கும் மண்டபத்து ஆளுங்க நேர்லயே போய்ப் பேசினாங்களாம்."

"யாரெல்லாம்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டேன். கேட்ட பிறகு ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தேன்.

ஏப்ரல் 30, புதன்

பழக்காரம்மாவை ஒரு வாரமாகச் சந்தையில் காணோம். கொய்யாப்பழம் கொடுத்தவளாயிற்றே என்று எண்ணெய் மில்லுக்குப் பின்னால் போனேன்.

பச்சைக் கதவில் பூட்டு. கதவு நடுவில் கறுப்புப் பெயின்டில் எழுதியிருந்தது: 7, 8.

நின்றேன். பக்கத்து வீட்டுக் கதவில் எதுவும் இல்லை. அதற்கடுத்த கதவில் 12. நடுவில் விட்டுப்போனது நம்மவர்கள் வீடு.

ஒரு கதவுக்கு ரெண்டு நம்பர் யார் போடுவாங்க? ரெட்டைப் புள்ளைங்களுக்கு ரெண்டு வரி எழுதினது நான்தானே?

கடவுளே, நான் நினைக்கிறது தப்பா இருக்கணும். தப்பா இருக்கணும்.

மே 2, வெள்ளி

செயலாளரிடம் கேட்டேவிட்டேன்.

"வீட்டுக் கணக்கெடுப்புக்கா. எல்லா ஊர்லயும் நடக்குறதுதான்."

"அப்ப அந்தத் தெருவுல நம்ம ஆளுங்க கதவுல ஏன் எழுதல?"

"நம்ம கதவு நமக்குத் தெரியாதா?" என்று சிரித்தார். "உக்காருங்க, பிரார்த்தனை ஆரம்பிக்கப் போகுது."

உட்கார்ந்தேன். எழுந்து வந்திருக்கலாம். எல்லாரோடும் சேர்ந்து பாடினேன். வாய்தான் பாடியது.

மே 6, செவ்வாய்

ஆஸ்பத்திரியில் அக்கரை நர்சுகள் நாலு பேருக்கும் "கொஞ்ச நாள் லீவு எடுத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டார்களாம். எவ்வளவு நாள் என்று சொல்லவில்லை. அடுத்த செவ்வாயோடு சரி. வார்டில் ஒரு குழந்தை அவள் கையை விடவே இல்லையாம். அதை மட்டும் இரண்டு தடவை சொன்னாள்.

மே 9, வெள்ளி

மண்டபத்துக்குப் போகவில்லை. தலைவலி என்று சொல்லி அனுப்பினேன்.

மே 13, செவ்வாய்

காலையில் பால் வாங்கக் கதவைத் திறந்தேன். திரும்பி வந்து சாத்தும்போது பார்த்தேன்.

45.

வேற ஒண்ணும் இல்ல. பெயின்ட் இன்னும் காயல. என் விரல்ல ஒட்டிக்கிச்சு.

தம்பி கம்பம் ஏறப் போய்விட்டான். அவள் கடைசி டியூட்டிக்கு விடியற்காலையிலேயே போய்விட்டாள். மண்ணெண்ணெயும் பழைய துணியும் எடுத்து வந்து தேய்த்தேன், தேய்த்தேன். பட்டாணி வந்து, "கதவுக்கு என்ன அத்தை, அழுக்கா?" என்று கேட்டு, தானும் ஒரு துணியை எடுத்துக்கொண்டு தேய்த்தது. நாலு போயிற்று. ஐந்தின் வால் மட்டும் மரத்துக்குள் இறங்கிவிட்டது.

மே 14, புதன்

இனி மறைத்தால் நான் மனுஷியே இல்லை என்று அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் பட்டாணிக்குத் தலை சீவிக்கொண்டிருந்தாள். சீப்பு நிற்கவே இல்லை.

"ஏழு, எட்டுன்னு பாத்தப்பவே எனக்குத் தெரியும் அண்ணி. நீங்க வாசிச்சப்ப நானும்தானே கேட்டுக்கிட்டிருந்தேன்."

"தெரிஞ்சும் ஏம்மா சொல்லல?"

"சொன்னா நீங்க சாப்பிடாம கிடப்பீங்க."

நான் கேவிக் கேவி அழுதேன். அவள் அழவில்லை. பின்னலின் நுனியில் ரிப்பனைக் கட்டி முடித்துவிட்டுச் சொன்னாள்: "எண்ணிப் பாத்தா நல்லா இருக்கும்னு சொன்னது நான்தானே."

அது என்னைத் தேற்றவா, குத்தவா? இன்னும் தெரியவில்லை.

தம்பி சாப்பாட்டுத் தட்டை மட்டும் என் பக்கம் நகர்த்தி வைத்தான்.

மே 20, செவ்வாய்

சந்தைப் பள்ளித் தலைமையாசிரியை வீட்டுக்கே வந்து சொல்லிவிட்டுப் போனார். சின்ன வகுப்புக்கு ஒன்பது பிள்ளைகள்தான் பெயர் கொடுத்திருக்கிறார்களாம். ஜூனில் திறப்பார்களா தெரியாதாம். பேசும்போதே இரண்டு தடவை தெருவைத் திரும்பிப் பார்த்தார்.

சாயங்காலம் செயலாளர் மேட்டுப் பள்ளி விண்ணப்பத்தோடு வந்தார். வாசலிலேயே நின்றார். ஐந்தின் வால் மேல் அவர் கண் போய்வந்ததை நான் பார்த்தேன்.

"உங்களுக்காகத்தான்க்கா ஒரு எடம் வச்சிருக்கோம். அம்மா பேர் எடத்துல ஒரு கோடு போட்டுருங்க, அவ்வளவுதான். புள்ள முழுசா நம்ம புள்ளயாயிடும்."

செயலாளர் போனதும் தம்பி அந்தத் தாளைக் கசக்கப் போனான். அவள்தான் அவன் கையிலிருந்து வாங்கி மேஜையில் நீவி வைத்தாள்.

"நீயும் புள்ளையும் அக்கரைக்கே போயிடுங்க. நான் பின்னாடி வர்றேன்" என்றான்.

"அங்கயும் இவ அரைதான். அங்கயும் யாராவது நோட்டு வச்சிருப்பாங்க" என்றாள்.

பிறகு என்னைப் பார்த்து, "அண்ணி, உங்க ஸ்கேலைக் குடுங்க" என்றாள்.

கொடுத்தேன். கோட்டை அவளே போட்டாள். நேராக இருந்தது.

மே 28, புதன்

அவள் மட்டும் பத்து மணி பஸ்ஸில் அக்கரைக்குப் போனாள். ஒரே ஒரு பை. "நிலைமை சரியாகட்டும், ஆறு மாசத்துல வந்துர்றேன்" என்று தம்பியிடம் சொன்னாள். என்னிடம், "அவளுக்கு வெந்நீர் சூடு ஜாஸ்தி ஆகக் கூடாது அண்ணி" என்றாள். அது எனக்குத் தெரியாதா? தெரிந்ததைத்தான் சொன்னாள்.

பாலத்துக்கு முன்னால் பஸ்ஸை நிறுத்தி ஒவ்வொருவராக இறக்கி எழுதிக்கொண்டார்களாம். தையல்காரர் சொன்னார்.

மே 31, சனி

பட்டாணியின் பழுப்புச் சட்டைக்குப் பட்டன் வைத்தேன். ஐந்து பட்டன். தைத்து வைத்திருந்த நீலக் கட்டத்தைப் பெட்டியின் அடியில் போட்டேன்.

ஜூன் 2, திங்கள்

நான்தான் கூட்டிப் போனேன். மேட்டுப் பள்ளி வாசலில் ஒரு ஆசிரியை பதிவேட்டோடு உட்கார்ந்திருந்தாள். சின்னப் பெண். அழகான கையெழுத்து.

"வீட்டுல யார் யார் இருக்கீங்க கண்ணு?"

"அப்பா. அத்தை" என்றாள் பட்டாணி.

"அப்புறம்?"

பட்டாணி என்னைப் பார்த்தாள். எனக்கு வாய் திறக்கவில்லை. ஐம்பத்துநாலு வருஷமாக ஓயாத வாய்.

"அவ்வளவுதான்" என்றாள் குழந்தை.

ஆசிரியை நம்மவர்கள் பத்தியில் ஒன்று என்று எழுதினாள். நான் தலைகீழாகவே படித்தேன். ஒன்று. அரை இல்லை.

வகுப்பு மாடியில். கையை உதறிவிட்டுப் பட்டாணி படியேறினாள். ஒவ்வொரு படிக்கும் உதடு அசைந்தது, சத்தம் மட்டும் வரவில்லை. உச்சிப் படியில் நின்று திரும்பினாள். கத்தவில்லை.

"பன்னிரண்டு படி அத்தை" என்றாள், நம் பாஷையில்.